கொடியின் கனியும் கையின் உழைப்பும்



திருப்பலியில் காணிக்கை வேளை வரும்போது பீடத்தருகே இரண்டு சிறு குப்பிகள் கொண்டுவரப்படுகின்றன. ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் திராட்சை இரசம். அந்த இரசத்தை ஒப்புக்கொடுக்கையில் குருவானவர் சொல்லும் செபம் அதனைத் தாய் தந்தை இருவரையும் உடைய பிள்ளையைப் போலக் காட்டுகிறது. திராட்சைக் கொடி ஒரு பெற்றோர். மனிதரின் உழைப்பு மற்றொரு பெற்றோர். கொடியைப் பற்றி நாம் ஞானோபதேச வகுப்பிலிருந்தே நிறையக் கேட்டு வந்திருக்கிறோம். ஆனால் உழைத்த மனிதர் யார்? அவர் எந்த ஊரார்? அந்த உழைப்பில் அவர் வீட்டுக்குச் சென்ற பங்கு எவ்வளவு? இக்கேள்விகளை உடன்கொண்டு இம்மாதம் இரண்டு மலைச்சாரல்களைக் கண்டு வருவோம். ஒன்று நமக்கு அண்மையிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கு. மற்றொன்று ஜெர்மனி நாட்டில் சிலேட்டுக் கல் நிறைந்த ஒரு செங்குத்துச் சரிவு.

தொடங்குமுன் ஒரு சொல். இக்கட்டுரை மதுவின் புகழ் பாட வந்ததன்று. குடியால் குலைந்த குடும்பங்களின் கண்ணீரைக் காணாத பங்குக் குரு தமிழகத்தில் இரார். நாம் பேசப்போவது குடிப்பவரைப் பற்றியன்று, பயிரிடுபவரைப் பற்றி.

கடையநல்லூரில் நின்று மேற்கே நோக்கினால் வானத்தை மறித்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அம்மலையை இடப்பக்கம் துணையாகக் கொண்டு புளியங்குடி, சிவகிரி, இராசபாளையம் என வடக்கே செல்லுங்கள். அதற்கும் அப்பால், மலையின் மடிப்பு ஒன்றினுள் ஒதுங்கிக் கிடக்கிறது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. ஒருபுறம் கேரள எல்லை மலைகள், மறுபுறம் மேகமலை, நடுவே பெரியாற்று நீர். பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1895-ஆம் ஆண்டில் அணை எழுந்து, மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பிய வரலாறு யாவரும் அறிந்ததே. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர், இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி ஆகிய ஊர்ப் பகுதிகளில் தோட்டந்தோட்டமாகத் திராட்சைப் பந்தல்கள். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது.

அங்கே விளைவதுதான் பன்னீர்த் திராட்சை. கருநீல நிறம், தடித்த தோல், உள்ளே விதை, வாயிலிட்டால் பன்னீர் மணம். தமிழகத்தில் விளையும் இவ்வகைத் திராட்சையில் நூற்றுக்கு 85 பங்கு கம்பம் பள்ளத்தாக்கினுடையது எனக் கணக்கிட்டுள்ளனர். 2023-ஆம் ஆண்டில் ‘கம்பம் பன்னீர்த் திராட்சை’ என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வேறெங்கோ விளைந்த பழத்தை இப்பெயர் சொல்லி விற்க இனிச் சட்டம் இடங்கொடாது.

தமிழகத்திற்குத் திராட்சை வந்த வரலாற்றைச் சொல்பவர்கள் 1832-ஆம் ஆண்டையும் ஒரு பிரெஞ்சுக் குருவையும் குறிப்பிடுகிறார்கள். சேசு சபையார் மதுரை மறைத்தளத்திற்கு 1838-இல் மீண்டும் வந்தனர் என்பதை எண்ணினால், அதற்கும் முந்தைய காலம் அது. கப்பலில் வந்தவர் செபப் புத்தகத்தோடு கொடியையும் ஏன் கொண்டுவர வேண்டும்? காரணம் எளிது. திருப்பலி இரசம் திராட்சைக் கனியிலிருந்து பிறந்த இயற்கை இரசமாக இருக்க வேண்டும், கெட்டுப்போனதாக இருத்தல் ஆகாது என்பது திருச்சபைச் சட்டம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் விதியும் அதையே கூறுகிறது. பாயோடும் கப்பல்கள் பல மாதம் கடலில் அலைந்த நாளில் ஐரோப்பாவிலிருந்து வரும் இரசத்தை நம்பியிருத்தல் எளிதன்று. கொடி மட்டும் இம்மண்ணில் வேர்கொண்டுவிட்டால் கவலை தீரும்.

ஆயினும் வேர் கொள்ளுமா? குளிர் நாட்டுத் திராட்சைக்குப் பனிக்காலமே உறக்கக் காலம். இலை உதிர்த்து, மொட்டடங்கி, வசந்தத்தில் விழித்துக் காய்க்கும். கம்பத்திலோ பனி ஏது? கொடிக்கு உறக்கமில்லை; ஆண்டு முழுவதும் பச்சை. ஆகவே அங்கே பனி செய்யும் வேலையை இங்கே கவாத்துக் கத்தி செய்கிறது. எந்த நாளில் வெட்டுகிறோமோ அந்த நாளிலிருந்து கொடிக்குப் புத்தாண்டு. வெட்டியபின் ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. ஒரு தோட்டத்தார் இன்றும், அடுத்தவர் வேறொரு மாதத்திலும் கவாத்துச் செய்வதால் பள்ளத்தாக்கில் ஆண்டெல்லாம் பழம் கிடைக்கிறது. இது இயற்கை தானாகத் தந்த கொடையன்று. மனிதர் கையால் வந்த பருவம்.

கல்தூண்கள் நட்டு, கம்பிகளை வலைபோல் கட்டி, அதன்மேல் கொடியைப் படரவிடுகிறார்கள். குலைகள் தலைக்குமேல் தொங்கும். காண்பவருக்கு அழகு. அதனடியில் வேலை செய்பவருக்கோ? கவாத்து, கொடி கட்டுதல், வேண்டாத தளிர் கிள்ளுதல், நெருங்கிய காய்களைக் கலைத்துவிடுதல், அறுவடை ஆகிய அனைத்தும் கை மேலே, கண் மேலே, கழுத்து பின்னே சாய்ந்த நிலையில் நடைபெறும். மாலையில் வீடு திரும்பும் பெண்களின் தோள்வலி குலையின் எடையில் சேராது. சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் வராமல் மருந்து தெளிக்க வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையை நம் ஊர்த் தென்னை விவசாயிகளும் அறிவர். அப்பெயர் பிரான்சு நாட்டுத் திராட்சை நகரமான போர்டோவின் பெயரே; 1880-களில் அங்குள்ள கொடிகளைக் காக்கக் கண்டறிந்த மருந்து அது. இத்தனைக்கும் பின்னர், பழுத்த வேளையில் மழை பெய்தால் பழம் வெடிக்கும். வெடித்த பழத்தை வணிகர் சொல்லும் விலைக்கே கொடுத்தாக வேண்டும்.

அன்பர்களே, 1832-இல் வந்த குருவின் பெயர் மக்கள் நினைவில் நிற்கவில்லை. பிரெஞ்சுக் குரு என்னும் அளவே நிற்கிறது. அவருக்காகக் குழி தோண்டியவர், கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தவர், வெயிலில் காவல் இருந்தவர் ஆகியோருக்கு அந்த அடையாளமும் இல்லை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய மறதியா? இதனை அறியத்தான் ஜெர்மனியின் சரிவுக்குப் போக வேண்டியிருக்கிறது. திருச்சபையின் துறவு மடங்கள் நூற்றாண்டுக் கணக்கில் திராட்சை பயிரிட்ட இடம் அது.

பிரான்சில் பிறந்து, ஜெர்மனியில் நுழைந்து, வளைந்து வளைந்து ஓடி, ரைன் ஆற்றோடு கலப்பது மோசெல் ஆறு. அதன் கரையில் உள்ள டிரியர், உரோமைப் பேரரசின் தலைநகரங்களுள் ஒன்றாக இருந்தது; புனித அம்புரோசியார் பிறந்த ஊரும் அதுவே. அக்காலத்திலேயே அங்கே திராட்சை இருந்தது. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமையர் காலத்துப் பெரிய பிழிகூடம் ஒன்றை அவ்வாற்றங்கரையில் பீஸ்போர்ட் என்னும் ஊரில் 1985-இல் அகழ்ந்தெடுத்தனர்.

அந்நாடு திராட்சை விளையத்தக்க நிலத்தின் வட எல்லையை ஒட்டியது. சமவெளியில் நட்டால் கனி புளித்தே நிற்கும். ஆகவே சூரியன் நேராக விழும் தெற்கு நோக்கிய மலைச்சரிவைத் தேடினார்கள். அம்மலைகள் சிலேட்டுக் கல்லால் ஆனவை. நம் தலைமுறையினர் பள்ளியில் ‘அ’ எழுதிப் பழகினோமே, அந்தக் கருஞ்சிலேட்டின் இனம்தான். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகிக் கல்லாகி, ஏடு ஏடாகப் பிளந்து கிடக்கிறது. பகலில் அக்கல் வெயிலைக் குடிக்கிறது. இரவில் கொடியின் காலடியில் சூட்டை விடுகிறது. மழைநீர் தேங்காமல் வடிகிறது. வேர்களோ பிளவுகளின் வழியே ஆழ்ந்து இறங்கி நீர் தேடுகின்றன. வேறு பயிர் எதுவும் நிற்க இயலாத இந்த ஏழை நிலத்தில் ரீஸ்லிங் என்னும் வெண்திராட்சை மணம் மிக்க கனியைத் தருகிறது. அவ்வினத்தின் பெயர் 1435-ஆம் ஆண்டு ஜெர்மன் ஆவணம் ஒன்றிலேயே காணப்படுகிறது. டிரியரின் பேராயரும் ஆட்சியாளருமாக இருந்த கிளமென்ஸ் வென்செஸ்லாஸ் 1787-இல், மட்டமான கொடிகளை அகற்றி நல்லினங்களை நடுமாறு ஆணையிட்டார். அதன்பின் ரீஸ்லிங் அச்சரிவுகளில் உறுதியாக வேரூன்றியது.

டிரியரை அடுத்து ரூவர் என்னும் சிற்றாறு மோசெலில் சேர்கிறது. அதன் கரையில் மாக்சிமின் குரூன்ஹவுஸ் என்னும் பண்ணை இருக்கிறது. 966-ஆம் ஆண்டில் பேரரசர் முதலாம் ஒட்டோ, இந்நிலம் டிரியர் புனித மாக்சிமின் துறவு மடத்திற்கு உரியது என உறுதி செய்தார். புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அதைப் பயிரிட்டனர். பண்ணையின் சரிவு மூன்று பகுதிகளாகப் பிரிந்து மூன்று பெயர்கள் கொண்டுள்ளது. முதலாவது அப்ட்ஸ்பெர்க், மடாதிபதியின் மலை என்பது பொருள். மடத்துத் தலைவரின் மேசைக்குரிய இரசம் அங்கிருந்து வந்தது. இரண்டாவது ஹெர்ரன்பெர்க், பாடற்குழுத் துறவிகளாகிய பெரியோருக்குரிய மலை. மூன்றாவது புரூடர்பெர்க், சகோதரர்களின் மலை. உடலுழைப்பை ஏற்றிருந்த பணிச் சகோதரர்களுக்கு உரியது இது.

இன்று அம்மூன்றின் பரப்பையும் பார்ப்போம். மடாதிபதியின் மலை ஏறத்தாழ 35 ஏக்கர். பெரியோரின் மலை ஏறத்தாழ 47 ஏக்கர். சகோதரர்களின் மலை ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். இக்கணக்கு நம்மைச் சிந்திக்க வைக்கவில்லையா? தரவரிசை மடத்திற்குள்ளும் இருந்தது. எனினும் ஒன்றை மறுக்க இயலாது. சிறிதாயினும் சகோதரர்களுக்கு ஒரு மலை இருந்தது. அம்மலைக்கு அவர்களது பெயரும் இருந்தது. ஆயிரம் ஆண்டுத் திராட்சை வரலாற்றில் உழைத்த கைக்கு நிலத்தின்மீது எழுதப்பட்ட அரிய பட்டயம் அது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் படைகள் டிரியரை 1794-இல் கைப்பற்றின. 1802-இல் மடங்கள் கலைக்கப்பட்டன. நிலங்கள் தனியார் கைக்குச் சென்றன. குரூன்ஹவுஸ் பண்ணையும் கைமாறி, 1882 முதல் ஒரே குடும்பத்தாரின் வழிவழிச் சொத்தாக இருந்து வருகிறது. பேரரசர் போனார், மடாதிபதி போனார், கொடி மட்டும் நிற்கிறது. எதனால்? ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் அச்சரிவில் ஏறுவதனால்.

ஏறுதல் என்பது இங்கே வெறும் சொல் அன்று. மடாதிபதியின் மலையில் சில இடங்களில் நூறு அடி முன்னே சென்றால் எழுபது அடி மேலே ஏறியிருப்போம். சாதாரண உழுபொறிகள் அங்கே செல்லா. மோசெல் சரிவுகளில் ஒவ்வொரு கொடிக்கும் ஒவ்வொரு கம்பு நட்டு, இரு கிளைகளை வளைத்து இதய வடிவில் கட்டுவது பழைய வழக்கம். மழையில் சரிந்து இறங்கிய சிலேட்டுத் துண்டுகளை முன்னோர் கூடையில் சுமந்து மறுபடியும் மேலே கொட்டினார்கள். சமநிலத்தில் ஆகும் வேலையைப்போல் பன்மடங்கு வேலை, விளைச்சலோ குறைவு.

உழைப்பு மிகுதியானால் வாழ்வும் உயர்ந்ததா? இல்லை. 1834-இல் ஜெர்மன் நாடுகள் சுங்க ஒன்றியம் அமைத்தபின், பிற பகுதிகளின் இரசம் மலிவாக வந்து குவிந்தது. மோசெல் சிறு விவசாயிகள் கடனில் மூழ்கினர். டிரியரில் 1818-இல் பிறந்த கார்ல் மார்க்சு, 1843 சனவரியில் தாம் ஆசிரியராக இருந்த நாளிதழில் இத்துயரை எழுதினார். அரசாணையால் அவ்விதழ் அவ்வாண்டு மார்ச்சு இறுதியோடு நின்றது. அவர் பின்னர்க் கண்ட முடிவுகளைத் திருச்சபை ஏற்கவில்லை. ஆனால் அவர் கண்ட துயரம் பொய்யன்று. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில், உழைப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் போதுமான கூலியே நீதியான கூலி எனப் போதித்தார்.

வேறொருவர் வேறொரு வழியில் விடை தேடினார். மோசெல் ரைனோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் ஊர்த்தலைவராக இருந்த ரைபைசன் என்பவர், 1864-இல் ஹெட்டஸ்டோர்ஃப் என்னும் ஊரில் உழவர்களுக்கான கடன் சங்கம் ஒன்றை அமைத்தார். தனித்தனியே வட்டிக்காரர் வாசலில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் பிணையாக நின்றனர். 1868-இல் ஆர் ஆற்றுச் சிலேட்டுச் சரிவிலுள்ள மைஷோஸ் ஊர்த் திராட்சை விவசாயிகள் கூடித் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். அது இன்றும் நடைபெறுகிறது. அந்த விதை நம்மண்ணுக்கும் வந்தது. சென்னை மாகாண அரசின் அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன் ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தார். ரைபைசனைப் போன்ற ஒருவரைத் தேடிக் கண்டடைவதே வழி என்பது அதன் சாரம். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கம் தோன்றியது. உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துப் படியேறும்போது, ரைன் ஆற்றங்கரை உழவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று அச்சரிவுகளின் நிலை என்ன? 1990-களின் தொடக்கத்தில் இருந்ததைவிட மோசெல் பகுதியில் திராட்சைப் பரப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. விவசாயியின் பிள்ளைகள் நகரத்து வேலைக்குச் சென்றுவிட்டனர். கைவிட்ட சரிவில் முள்ளும் புதரும் ஏறுகின்றன. எஞ்சிய தோட்டங்களில் அறுவடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் போலந்து, ருமேனியா நாட்டவர். தம் வீட்டைப் பிரிந்து, சில வாரங்கள் தங்கி, குலை பறித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இதைப் படிக்கும்போது கடையநல்லூர்ப் பகுதியினருக்கு உள்ளத்தில் ஏதோ தட்டுகிறதல்லவா? நம் ஊர்களில் வளைகுடா நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ ஒருவரையேனும் அனுப்பாத தெருவே இல்லை. அங்கே நம் பிள்ளைக்குக் கூலி தவறாமல் கிடைத்ததா, வெயிலில் நிழல் தந்தார்களா, பெயர் சொல்லி அழைத்தார்களா என்று இரவும் பகலும் கவலைப்படுகிறோம். அதே வேளையில் வடமாநிலத்திலிருந்து வந்த இளைஞர் நம் கட்டடத்தில் கல் சுமக்கிறார். அவர் பெயர் என்னவென்று நாம் கேட்டோமா? நம் வயலில் நாற்று நடும் பெண்களுக்கும் தென்னை ஏறுபவருக்கும் எலுமிச்சை பறிப்பவருக்கும் மாலையில் கூலி கைக்குப் போகிறதா, நாளை வா என்ற சொல் போகிறதா?

விவிலியம் திராட்சைத் தோட்டத்தைப் பேசும்போதெல்லாம் இக்கேள்வியைத் தவிர்ப்பதில்லை. நாபோத்தின் தோட்டத்தை அரசன் கவர்ந்தபோது இறைவாக்கினர் எலியா நேரே சென்று கேட்டார். ஆண்டவர் சொன்ன உவமையில் தோட்டக்காரர், கடைசி மணிநேரத்தில் வந்தவருக்கும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதை மறக்கவில்லை. கூலியை அன்று மாலையே கொடுக்கச் சொன்னார். பொழுது சாயுமுன் கூலி கொடு என்பது மோசே வழியாக வந்த பழைய சட்டம். பிடித்து வைத்த கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் என்பது புனித யாகப்பரின் எச்சரிக்கை.

புவிசார் குறியீட்டில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அது தனி முதலாளி ஒருவரின் உடைமையன்று. அந்நிலத்தில் பயிரிடுபவர் அனைவருக்கும் பொதுவானது. கம்பத்தின் பெயர் பழத்தின்மீது ஏறிவிட்டது. நிலத்துக்கு உரிய மதிப்பு கிடைத்தது. பந்தலுக்கடியில் கை உயர்த்தி நின்றவரின் மதிப்பு அப்பெயருக்குள் சேர வேண்டுமானால், பெயரால் கூடும் விலையில் ஒரு பங்கு அவர் கூலியிலும் கூட வேண்டும். சிறு விவசாயிக்கும் இது பொருந்தும். தனியே நின்றால் வணிகர் சொன்னதே விலை. சங்கமாய் நின்றால் அவருக்கும் ஒரு சொல் உண்டு.

ஆகவே குடும்பங்களுக்கு இம்மாதம் மூன்று வேண்டுகோள்கள். உங்கள் நிலத்திலோ வீட்டிலோ வேலை செய்பவரின் பெயரையும் அவர் பிள்ளைகளின் பெயரையும் அறிந்துகொள்ளுங்கள். அன்றன்றைய கூலியை அன்றன்றே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே அளவாய்க் கொடுங்கள். உணவு மேசையில் பழமோ சோறோ வரும்போது, இது எந்த ஊரில் விளைந்தது, யார் கை பட்டு வந்தது என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் தேடச் சொல்லுங்கள்.

அந்த ஜெர்மன் மடத்தார் சகோதரர்களுக்கு ஒதுக்கியது சிறிய மலைதான். ஆயினும் ஒதுக்கினார்கள், பெயரும் இட்டார்கள். நம்மிடம் இருக்கும் கொஞ்சத்திலும் உழைத்தவருக்குரிய பங்கைப் பெயர் சொல்லிப் பிரித்துவைக்க நாமும் கற்றுக்கொள்வோம்.